தாழ்ந்த காருக்கு ஒயில் மாற்றுதல்: ஸ்காபுறோவில் நடந்த ஒரு நிகழ்வின் ஆய்வு

நான் கனடாவின் ஸ்காபுறோவில் ஒரு சிறிய கராஜில் வாகனம் திருத்துபவன். எங்களிடம் வருகிறவை பெரும்பாலும் வேலைக்கும் பள்ளிக்கும் ஓடும் கார்களும் வான்களும்தான். தரையோடு ஒட்டிக் கிடக்கும் ஸ்போர்ட்ஸ் கார் வருடத்துக்கு ஐந்தாறு வந்தால் அதிகம். அப்படி வந்த ஒன்றுக்கு 2021 கோடையில் நடந்ததை இங்கே பதிகிறேன். சொந்தக்காரர் சம்மதித்துத்தான் எழுதுகிறேன். அவர் பெயரோ இடையில் வரும் கடையின் பெயரோ இதில் இருக்காது. எங்கள் கராஜ் செய்த பிழையும் இதில் உண்டு, அதை மறைத்தால் எழுதுவதில் பிரயோசனம் இல்லை.

பின்னணி

சொந்தக்காரருக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து இளவயதில் வந்தவர். வீட்டில் ஒரு வான், அதற்குப் பக்கத்தில் நிறுத்த நெடுநாள் ஆசைப்பட்ட ஒரு கார். 2021 ஏப்ரலில் 2003 மொடல் செவ்ரொலே கோர்வெற் ஒன்றை வாங்கினார். இந்தத் தலைமுறையை சி5 என்பார்கள். 1997 மொடல் ஆண்டிலிருந்து 2004 வரை வந்தது. முன்னால் 5.7 லீற்றர் வி8 எஞ்சின், கியர்ப்பெட்டி பின் அச்சோடு சேர்ந்து பின்னால்.

காரின் அடிப்பகுதியைக் கொஞ்சம் விளக்கவேண்டும். அது தெரியாவிட்டால் பிறகு நடந்தவை விளங்காது.

வெளி உடல் முழுக்கக் கண்ணாடியிழை கலந்த பிளாஸ்ரிக். பாரம் தாங்குவது உள்ளே இரண்டு பக்கமும் ஓடும் உருக்குத் தண்டுகள். கதவுக்குக் கீழே தெரியும் பக்கத் தட்டு அலங்காரத்துக்கு மட்டும், அதில் பாரம் விழுந்தால் வெடிக்கும். சாதாரணக் கார்களில், காரைத் தூக்கும் ஜக்கை வைக்கக் கதவடியில் ஒரு தகர விளிம்பு இருக்குமே, அது இதில் இல்லை. பதிலாக உருக்குத் தண்டின் அடியில் நான்கு நீள்வட்டத் துளைகள் உண்டு. சில்லுகளைத் தாங்கும் வில்லுகளோ குறுக்காகப் போட்ட கண்ணாடியிழைத் தகடுகள். பார்வைக்குத் தூக்குவதற்கென்றே வைத்த பட்டைபோல இருக்கும், ஆனால் அதில் ஒருக்காலும் ஜக் வைக்கக்கூடாது. நடுத் தளம் நடுவில் பல்சா மரம் வைத்த கலவைத் தட்டு, அதிலும் கூடாது. எனவே கீழே குனிந்து பார்ப்பவருக்கு அகப்படும் இடங்களில் முக்கால்வாசி தொடக்கூடாத இடங்கள்.

இன்னொன்று. இந்தக் காரோடு ஜக்கோ மேலதிக சில்லோ வருவதில்லை. காற்றுப் போனாலும் கொஞ்சத் தூரம் ஓடக்கூடிய ரயர்களைத் தொழிற்சாலையிலேயே பூட்டி அனுப்பினார்கள். அதனால் சொந்தக்காரருக்கு ‘இங்கே வைத்துத் தூக்கு’ என்று சொல்லிக்கொடுக்கக் காருக்குள் ஒரு பொருளும் இல்லை.

மூக்குக்குக் கீழே தரையை நோக்கித் தொங்கும் கறுப்புப் பிளாஸ்ரிக் பட்டியை எயார் டாம் என்போம். மூன்று துண்டுகளாக இருக்கும். வேகத்தடையிலும் டிரைவ்வே ஏற்றத்திலும் அது உரசுவது வழக்கம், வளைந்து கொடுக்கும்படிதான் செய்திருக்கிறார்கள். ஆனால் அது வடிவுக்கு வைத்தது அல்ல. சி5 முன்வாயால் மூச்சு விடுகிற கார் இல்லை, அடியிலிருந்துதான் காற்றை இழுக்கிறது. அந்தப் பட்டிதான் காற்றை மறித்து ரேடியேற்றருக்கு ஏற்றிவிடுகிறது.

முதலாவது ஒயில் மாற்றம்

ஜூன் நடுப்பகுதியில் ஒயில் மாற்றவேண்டும் என்று திரையில் எழுத்து வந்தது. வேலை முடிந்து வரும் வழியில் ஒரு விரைவு ஒயில் கடைக்குப் போயிருக்கிறார். காரைத் தூக்காமல், நீளக் குழிக்கு மேலே ஓட்டி நிறுத்தி, கீழே நின்று வேலை செய்யும் வகைக் கடை. தன் வானுக்கும் அங்கேதான் மாற்றுவார்.

குழி வாசலில் உருக்கு விளிம்பு ஒன்று உயர்ந்திருந்தது. கையசைத்து உள்ளே வரச் சொன்னார்கள். ஏறும்போது ‘கரக்’ என்று சத்தம். தாழ்ந்த கார் உரசத்தானே செய்யும் என்று அவரும் நினைத்தார், கடைக்காரரும் அதையே சொன்னார். நான் இங்கே இருவரையும் முழுக்கக் குறை சொல்லமாட்டேன். தினமும் கேட்கிற சத்தம் ஒருநாள் வேறு பொருளில் வந்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. இறங்கிக் குனிந்து பார்த்திருந்தால் நடுத்துண்டு கிழிந்து, இடதுதுண்டு ஒரு ஸ்குரூவில் தொங்குவது தெரிந்திருக்கும்.

பற்றுச்சீட்டில் 5 லீற்றர் 5டபிள்யூ-30 என்று இருந்தது. தரம் சரி. அளவு பிழை. இந்தக் காருக்கு ஃபில்ரரோடு சேர்த்து 6.5 அமெரிக்கக் குவாட், அதாவது ஏறக்குறைய 6.15 லீற்றர் வேண்டும். இதன் ஒயில் சட்டி இரண்டு பக்கமும் சிறகு விரித்ததுபோல அகன்றது, வேகமாக வளையும்போது ஒயில் ஒரு பக்கம் ஒதுங்கிப் பம்பு வெறுமையாக இழுக்கக்கூடாது என்பதற்காக. அப்படியான காரில் ஒரு லீற்றருக்கு மேல் குறைவாக ஊற்றியிருந்தார்கள். ஒயில் மட்டம் காட்டும் கம்பியான டிப் ஸ்ரிக்கை இழுத்துக் காட்டும் வழக்கம் அன்று நடக்கவில்லை.

நெடுஞ்சாலையில் ஏறிய வெப்பம்

இரண்டொரு நாளில் 401 நெடுஞ்சாலையில் போனபோது எஞ்சின் வெப்பம் ஏறியது. வழக்கமாக 90 பாகையை ஒட்டி நிற்பது 110ஐத் தாண்டியது. உள்வீதியில் இறங்கி மெதுவாக ஓடியதும் குறைந்தது.

எனக்குத் தொலைபேசி எடுத்தார். வேலை நடுவில் இருந்தேன். “தேர்மோஸ்ரற்றாய் இருக்கும், சனிக்கிழமை கொண்டு வா தம்பி” என்றேன். எஞ்சினைக் குளிர்விக்கும் நீரை வெப்பத்துக்கேற்பத் திறந்து மூடும் வால்வுதான் தேர்மோஸ்ரற்.

இது என் முதற்பிழை. ஓடும்போது ஏறி நின்றபோது குறைகிற வெப்பத்துக்கும் நெரிசலில் ஏறி ஓடும்போது குறைகிற வெப்பத்துக்கும் காரணம் வேறு. இரண்டாவது வகை என்றால் விசிறியைச் சந்தேகிக்கலாம். முதல் வகையில் ரேடியேற்றருக்குக் காற்று போகிறதா என்று பார்க்கவேண்டும். சி5 என்றால் எயார் டாம் இருக்கிறதா என்பதுதான் முதற் கேள்வி. எல்லாவற்றுக்கும் முன்னால், “அண்மையில் காருக்கு என்ன செய்தாய்?” என்று கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை அவருக்கு வேலை வந்துவிட்டது. அடுத்த கிழமை எங்களுக்கு இடமில்லை. இதற்கிடையில் டிரைவ்வேயில் ஒயில் பொட்டுகள் விழத் தொடங்கின. முதலில் கால் டொலர்க் குற்றி அளவு, பிறகு கோப்பைத் தட்டு அளவு.

ஜூலை மாலை

சொட்டுவது ஒயில் வடிக்கும் துளையை மூடும் ட்ரெயின் பிளக்கா ஃபில்ரரா என்று தானே பார்ப்பது என்று முடிவெடுத்தார். பிளக்காக இருந்தால் ஒரு இறுக்கு இறுக்கினால் சரி என்ற எண்ணம். வானுக்கு வாங்கிய சில்லு வைத்த ஜக்கும், தூக்கிய வாகனத்தைத் தாங்கி நிற்கும் இரண்டு ஜக் ஸ்ராண்டுகளும் வீட்டில் இருந்தன.

அந்த ஜக் முன்னால் நுழையவில்லை. பக்கத்தால், இடது முன்சில்லுக்குப் பின்னால், தண்டில் பிடித்து ஒரு பக்கத்தைத் தூக்கினார். தண்டில் ஸ்ராண்டுக்கு இடம் கிடைக்காததால் சற்று உள்ளே தள்ளி, எஞ்சினைத் தாங்கும் அலுமினியக் குறுக்குச் சட்டத்தில் ஸ்ராண்டை வைத்தார். அந்த இடம் சரிவானது. ஸ்ராண்டின் தலையோ குறுகிய வளைவு. பிறகு ஜக்கைத் தளர்த்திப் பாரத்தை ஸ்ராண்டுக்குக் கொடுத்தார்.

டிரைவ்வே தார். பகல் முழுக்க வெயில் குடித்த தார். தெருப்பக்கம் கொஞ்சம் சரிவும் உண்டு. பின்சில்லுக்கு ஒன்றும் முண்டு கொடுத்திருக்கவில்லை, கை பிரேக் மட்டும்.

படுத்து உள்ளே போக வசதியாக இருக்கட்டும் என்று மட்டை எடுக்க வீட்டுக்குள் போனார். பதினான்கு வயது மகன் ரோர்ச் வெளிச்சத்தோடு முன்சில்லுக்குப் பக்கத்தில் நின்றான். ஸ்ராண்டின் ஒரு கால் தாருக்குள் மெல்ல இறங்கியிருக்கிறது. தலை சரிந்து குறுக்குச் சட்டத்திலிருந்து வழுக்கியது. கார் ஒரு சத்தத்தோடு தன் ரயரில் வந்து உட்கார்ந்தது.

சில்லைக் கழற்றியிருக்கவில்லை. அதனால் கார் விழுந்தும் தரையைத் தொடவில்லை. ஆனால் தன் ரயரில் நிற்கும் சி5இன் வயிற்றுக்கும் தரைக்கும் இடையில் இருப்பது ஒரு சாண்கூட இல்லை. மனித நெஞ்சு அதற்குள் அடங்காது.

எனக்கு அழைப்பு வந்தபோது மணி எட்டு இருக்கும்.

“அண்ணை, கார் சரிஞ்சிட்டுது. ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. ஆனா கை நடுங்குது.”

“ஒண்டையும் தொடாதை. ஜக்கை இழுக்காதை. பெடியனை உள்ளுக்கை அனுப்பு. நான் வாறன்.”

வீட்டில் பார்த்தவை

நான் போய்ப் பார்த்தபோது ஸ்ராண்ட் பக்கவாட்டில் விழுந்து கிடந்தது. தாரில் முக்கோணப் பள்ளம் ஒன்று, சுண்டுவிரல் நுனி மறையும் ஆழம். குறுக்குச் சட்டத்தில் கீறல் மட்டும். ரேடியேற்றர்க் குழாயிலோ பிரேக் குழாயிலோ சேதமில்லை.

டிப் ஸ்ரிக்கை இழுத்தேன். நுனியில் ஒரு பொட்டு. சரிவில் நிற்கிற காரில் டிப் ஸ்ரிக் சரியாகக் காட்டாது என்பது உண்மை, ஆனால் ஒரு பொட்டு மட்டும் தெரிந்தால் அதற்குச் சரிவு காரணமாக இருக்காது. அந்த நிலையில் எஞ்சினைப் போடவேண்டாம் என்றேன். வானில் ஏறி இரண்டு போத்தல் ஒயில் வாங்கிவந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பார்த்து, அடுத்தநாள் காலை கராஜ் வரை உள்வீதிகளால் ஓட்ட முடிவெடுத்தோம். இழுவை வண்டி கூப்பிடலாமா என்று அவர் கேட்டார். அதையும் யோசித்தோம். சாதாரண இழுவை வண்டி இந்த மூக்கை இன்னொருமுறை கிழிக்கும், தட்டையாகச் சாயும் தளமுள்ள வண்டி வேண்டும். எங்கள் கராஜ் மூன்று கிலோமீற்றர் தூரம். சொட்டும் வேகத்தையும் ஊற்றிய அளவையும் பார்த்து ஓட்டுவதே குறைந்த ஆபத்து என்று பட்டது.

குனிந்தபோதுதான் கிழிந்த எயார் டாமைக் கண்டேன். தேர்மோஸ்ரற் என்று நான் சொன்ன வார்த்தை அப்போது என் காதிலேயே திரும்பக் கேட்டது.

கராஜில்: காரைத் தூக்கியதும் எங்கள் பிழையும்

எங்களிடம் இருப்பது இரண்டு தூண் ஹொயிஸ்ற். நான்கு கைகள் காரின் அடியில் நுழைந்து தூக்கும். கைகளின் உயரமும் நுனியிலுள்ள றப்பர்த் தட்டின் உயரமும் சேர்ந்து, மிகத் தாழ்ந்த நிலையிலும் பத்துச் சென்றிமீற்றருக்கு மேல். இந்தக் காருக்கு அடியில் கையை நுழைத்தாலும் திருப்பிச் சரியான இடத்தில் நிறுத்த இடமில்லை.

நான்கு பலகைகளைப் போட்டோம். கட்டடச் சாமான் கடையில் இரண்டுக்குப் பத்து என்று விற்பது, உண்மையில் 38 மில்லிமீற்றர் தடிப்பு. சில்லுகள் அதில் ஏறி நின்றதும் கைகள் நுழைந்தன. முன் எயார் டாமில் மிஞ்சியிருந்த துண்டுகள் பலகையில் உரசாமலிருக்க ஒருவர் படுத்திருந்து பார்க்க, நான் அடி அடியாக ஓட்டினேன்.

வழக்கமான முன் எஞ்சின் காரில் பாரம் முன்பக்கம் கூட இருக்கும், கை அந்தக் கணக்கிலேயே போகும். சி5இல் கியர்ப்பெட்டி பின்னால் இருப்பதால் பாரம் ஏறக்குறையச் சரிபாதி. அதை நான் கவனித்தேன். கவனிக்காதது வேறொன்று.

அன்று எங்களிடம் இந்தக் காருக்கான பக் இல்லை. தண்டின் துளைக்குள் நுழைத்து ஒரு திருப்புத் திருப்பினால் பூட்டிக்கொண்டு, கீழே கட்டியாக நீட்டிக்கொண்டிருக்கும் சிறு துண்டைத்தான் பக் என்கிறோம். ஹொயிஸ்ற்றின் கை அந்தக் கட்டியில் மட்டும் படும், பிளாஸ்ரிக்கில் படாது. அது இல்லாமல், ஹொயிஸ்ற்றின் அகலமான றப்பர்த் தட்டைத் தண்டில் நேரடியாக வைத்தோம். பயிலுநர் வலது பின் கையை வைத்தார், நான் எட்டிப் பார்த்துத் தலையாட்டினேன். தட்டின் வெளி விளிம்பு பக்கத் தட்டின் அடியில் ஒரு விரல் அளவு ஏறியிருந்ததை நிழலில் நான் காணவில்லை.

பத்துச் சென்றிமீற்றர் தூக்கியதும் நிறுத்திப் பார்ப்பது எங்கள் வழக்கம். நிறுத்துமுன்னரே ‘டிக்’ என்று கேட்டது. இறக்கினோம். பக்கத் தட்டின் கீழ் விளிம்பில் ஆறேழு சென்றிமீற்றர் நீளத்துக்கு மயிரளவு வெடிப்பு. அவர் கண்ணாடிக்கு அப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உடனே போய்ச் சொன்னேன். பயிலுநரின் தலையில் போடவில்லை, தலையாட்டியவன் நான்.

றப்பர்த் தட்டை எடுத்துவிட்டு, சிறிய கடின றப்பர்க் கட்டிகளைத் தண்டின் நடுவில் மட்டும் படும்படி வைத்து, நான்கையும் ரோர்ச் அடித்து நானே பார்த்து, மறுபடி தூக்கினோம். பத்துச் சென்றிமீற்றரில் நிறுத்தி, முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தபிறகு மேலே.

ட்ரெயின் பிளக்

சொட்டியது பிளக்கிலிருந்து. கழற்றினால் அதன் றப்பர் சீல் நசுங்கி ஒரு பக்கம் அறுந்திருந்தது. பிளக்கின் மரையில் அலுமினியம் சுருள் சுருளாக ஒட்டியிருந்தது. காற்றழுத்தத்தால் சுற்றி இறுக்கும் காற்றுத் துவக்கால் இறுக்கியிருப்பார்கள் என்பது என் ஊகம். கண்ணால் காணவில்லை, ஆகவே ஊகம் என்றே எழுதுகிறேன். இந்தப் பிளக்குக்கு வேண்டியது 25 நியூற்றன் மீற்றர்தான். சின்ன ஸ்பனரால் மணிக்கட்டு வலிக்காமல் இறுக்கும் அளவு. ஒயில் சட்டி வார்ப்பு அலுமினியம், பிளக் உருக்கு. இரண்டும் மல்லுக்கட்டினால் தோற்பது சட்டி.

அவர் அன்று மாலை தார்மேல் படுத்து ‘ஒரு இறுக்கு’ இறுக்கியிருந்தால் மிச்ச மரையும் போயிருக்கும். ஒயில் முழுவதும் அவர் முகத்தில் வந்திருக்கும்.

நான்கு வழிகள் இருந்தன.

புதுப் பிளக் போட்டுப் பார்ப்பது முதலாவது. போட்டோம். இறுக்கத்தை அளந்து காட்டும் ரோர்க் ஸ்பனர் 15ஐத் தாண்டியதும் இறுக்கம் கூடாமல் பிளக் மட்டும் சுற்றுவது கையில் தெரிந்தது. நிறுத்தினோம்.

தானே மரை வெட்டிக்கொண்டு இறங்கும் பெரிய பிளக் இரண்டாவது. மலிவு, ஐந்து நிமிட வேலை. நான் போடுவதில்லை. ஒவ்வொரு முறை கழற்றிப் பூட்டும்போதும் அது கொஞ்சம் வெட்டிக்கொண்டே போகும்.

சட்டியையே மாற்றுவது மூன்றாவது. சுத்தமான தீர்வு. ஆனால் இந்தக் காரில் சட்டியை எடுக்க முன்குறுக்குச் சட்டத்தை இறக்கவேண்டும். பிளக்கின் மரைக்காக அவ்வளவு வேலையும் காசும் நியாயமாகப் படவில்லை.

நான்காவது, பழைய மரையைப் பெரிதாக வெட்டி உருக்கு மரைச் சுருள் பதிப்பது. இதைத்தான் செய்தோம். இதிலும் ஒரு ஆபத்து உண்டு. வெட்டும்போது அலுமினியத் தூள் சட்டிக்குள் விழலாம். வெட்டும் கருவியின் பள்ளங்களில் கிறீஸ் அப்பி, அரைச்சுற்று வெட்டி வெளியே எடுத்துத் துடைத்து, திரும்ப அரைச்சுற்று என்று போனோம். முடிந்ததும் மேலிருந்து ஒரு லீற்றர் மலிவான ஒயிலை ஊற்றித் துளையால் ஓடவிட்டோம். வந்ததை வெள்ளைத் துணியில் வடித்துப் பார்த்தோம், இரண்டு மினுக்கம் இருந்தன. இன்னொரு லீற்றர் ஊற்றினோம். இரண்டாவது சுத்தமாக வந்தது. இவ்வளவையும் தொடங்குமுன் அவரிடம் சொல்லி, 500 கிலோமீற்றரில் திரும்ப வந்து ஒயிலும் ஃபில்ரரும் மாற்றவேண்டும் என்றும் ஒப்புக்கொள்ள வைத்தோம்.

புது ஃபில்ரர், 30 நியூற்றன் மீற்றர். டெக்சோஸ்1 தரமுள்ள 5டபிள்யூ-30 சிந்தெற்றிக் ஒயில். இந்தக் கார் வந்த காலத்தில் கோர்வெற்றுக்கு அதைச் செய்யும் ஜிஎம் நிறுவனம் வேறொரு தனித்தரம் கேட்டது, பிற்காலத்தில் டெக்சோஸ்1 அதன் இடத்தைப் பிடித்தது. முதலில் ஐந்தரை லீற்றர் ஊற்றி, எஞ்சினை ஓட்டி நிறுத்தி, பலகைகளிலிருந்து இறக்கிச் சமதரையில் ஐந்து நிமிடம் விட்டு, மிச்சத்தை டிப் ஸ்ரிக் பார்த்து ஊற்றினோம். 6.1க்கும் 6.2க்கும் இடையில் வந்து நின்றது.

எயார் டாமின் மூன்று துண்டுகளும் நான்கு நாளில் வந்தன. பூட்ட அரைமணி நேரம். அன்றே 401இல் ஓட்டிப் பார்த்தோம், 90ஐச் சுற்றியே நின்றது. தேர்மோஸ்ரற் இன்றுவரை பழையதுதான்.

விரைவுக் கடையோடு

அவர் பற்றுச்சீட்டோடு போய்க் கதைத்தார். ஒயில் மாற்றிய காசைத் திருப்பிக் கொடுத்தார்கள். எயார் டாமுக்கும் மரைக்கும் பொறுப்பெடுக்கவில்லை. கடைக்குள் போகுமுன் பட்டி முழுசாக இருந்தது என்று காட்ட அவரிடம் ஒரு படமும் இல்லை. பிளக்கை அதற்கு முந்திய சொந்தக்காரரின் ஆள் கெடுத்திருக்கலாம் என்று அவர்கள் சொன்னதை மறுக்கவும் முடியாது. வழக்குப் போடலாமா என்று யோசித்துவிட்டு விட்டுவிட்டார். என் அபிப்பிராயத்தில் சரியான முடிவு. கிழமைக்கணக்காக அலைந்து பெறக்கூடிய தொகை அல்ல அது.

இனி எங்கே, எப்படி

ஆகஸ்டில் 500 கிலோமீற்றர் மாற்றத்துக்கு வந்தபோது பழைய ஃபில்ரரை வெட்டித் தாளை விரித்துப் பார்த்தோம். உலோகத் தூள் இல்லை. அன்று உட்கார்ந்து, வருங்காலத்தில் ஒயிலை எப்படி மாற்றுவது என்று கதைத்தோம்.

டிப் ஸ்ரிக் குழாயால் ஒயிலை உறிஞ்சும் பம்பு ஒன்றை அவர் பார்த்து வைத்திருந்தார். காரைத் தூக்கவே தேவையில்லை என்பது அதன் கவர்ச்சி. மேலே ஃபில்ரர் இருக்கிற கார்களுக்கு நல்ல வழிதான். இதில் ஃபில்ரர் அடியில் இருக்கிறது, எப்படியும் கீழே போகவேண்டும்.

வீட்டில் றாம்ப், அதாவது சில்லை ஏற்றி நிறுத்தும் சரிவுத் தட்டு, வைத்துச் செய்யலாம். சாதாரண றாம்ப்பில் ரயர் ஏறுமுன் மூக்கு முட்டும், முன்னால் நீளமாகச் சரியும் தாழ்ந்த றாம்ப் வேண்டும். கொங்கிறீற் தளமும் சமதரையும் உள்ள வீடு என்றால் நானே அதைச் சொல்லியிருப்பேன். அவருடையது சரிவான தார். மகன் பக்கத்தில் நின்ற அந்த மாலைக்குப் பிறகு அவருக்கும் மனமில்லை.

கோர்வெற் விற்கும் முகவர் கடைக்குப் போகலாம். அங்கே சாமான் எல்லாம் இருக்கும். தூரம், காசு, காத்திருப்பு என்று மூன்றையும் பார்த்து, எங்களிடமே வருவது என்று தீர்மானித்தார். வெடிப்பு வைத்த கராஜை ஏன் நம்பினார் என்று கேட்டேன். “நீங்கள் வந்து சொன்னீங்கள், அவையள் சொல்லேல்லை” என்றார்.

பக் வாங்குவது அவர் பொறுப்பு. இங்கே சிலர் ஐஸ் ஹொக்கிப் பக்கில் துளையிட்டுப் பொல்ற் போட்டுத் தாங்களே செய்வார்கள். கடின றப்பர், ஒரு அங்குலத் தடிப்பு, மூன்று அங்குல அகலம், பார்த்தால் இதற்கென்றே செய்ததுபோல. பாரம் தாங்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பொல்ற்றின் தலை துளைக்குள் சரியாகப் பூட்டாவிட்டால் கை அசையும்போது கழன்று விழும். காருக்கென்றே செய்து விற்கும் நான்கை வாங்கச் சொன்னேன். அவை இப்போது பின்பெட்டியில் ஒரு துணிப்பையில் கிடக்கின்றன.

ஒரு தாளும் எழுதினோம், அது காருக்குள் இருக்கிறது. நான்கு துளைகள் எங்கே, வில்லையும் நடுத்தளத்தையும் தொடாதே, 6.15 லீற்றர், 25 நியூற்றன் மீற்றர், காற்றுத் துவக்கு வேண்டாம், பிளக்கில் சுருள் பதித்திருக்கிறது. எங்களைத் தவிர வேறு யாரிடமாவது போகவேண்டி வந்தால் அதைக் கொடுக்கவேண்டும்.

ஓட்டம் ஒரு கோடைக்கு நாலாயிரம் கிலோமீற்றர்தான். திரையில் ஒயில் ஆயுள் பாதிக்கு மேல் மிஞ்சியிருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். அதை ஒக்ரோபர் கடைசியில் வைத்தோம். வீதியில் உப்புப் போடத் தொடங்குமுன் மாற்றி மூடினால், பனிக்காலம் முழுக்க எஞ்சினுக்குள் பழைய ஒயில் தங்காது.

பின்தொடர்ந்தவை

2021 ஒக்ரோபரிலிருந்து 2024 வரை நான்கு தடவை மாற்றியிருக்கிறோம். பிளக் சொட்டவில்லை. 25இல் சுத்தமாக நிற்கிறது. வெப்பம் ஏறவில்லை. எயார் டாம் உரசி உரசி வெளிறிப்போயிருக்கிறது, கிழியவில்லை.

வான் ஒன்றுக்கு இருபது நிமிடத்தில் முடிக்கும் வேலைக்கு இதில் ஐம்பது நிமிடம் போகிறது. ஒயில் வடிவதும் ஊற்றுவதும் அதே நேரந்தான், மேலதிக முப்பது நிமிடமும் பலகை போட்டு, பக் பூட்டி, ஏற்றி, இறக்குவதற்கு. அந்த நேரத்துக்குக் காசு எடுக்கிறோம். இவர் முகம் சுளித்ததில்லை. வேறு சிலர் ‘ஒயில் மாற்ற இவ்வளவோ’ என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்கள். அவர்களை நான் மறிப்பதில்லை, அவசரப்பட்டு அந்தக் காரைத் தூக்குவதைவிட அது நல்லது.

நாங்கள் மாற்றியவை

தொலைபேசியில் பதிவு எடுக்கும் தாளில் இரண்டு கேள்விகள் சேர்ந்தன: கார் தாழ்ந்ததா, கடைசியாக யார் என்ன வேலை செய்தார்கள். இரண்டாவது கேள்வி என் தேர்மோஸ்ரற்றுக்கு நான் கட்டிய அபராதம்.

பத்துச் சென்றிமீற்றரில் நிறுத்திப் பார்ப்பது முன்பும் இருந்தது. ஆனால் வெடிப்பு அந்தப் பத்துக்குள்ளேயே வந்தது. இப்போது தட்டு காரைத் தொட்டதும், பாரம் ஏறுமுன், நான்கு மூலையையும் ரோர்ச் அடித்து இருவர் பார்க்கிறோம். ஒருவர் வைத்ததை மற்றவர் குனிந்து பார்க்கவேண்டும், நின்றபடி தலையாட்டினால் கணக்கில்லை.

உள்ளே எடுக்குமுன் முன்மூக்கு, பக்கத் தட்டு, அடி என்று ஆறு படம் எடுக்கிறோம். வாடிக்கையாளரின் தொலைபேசியிலும் எடுக்கச் சொல்கிறோம்.

பலகைகள் நான்குக்கும் மஞ்சள் வர்ணம் அடித்துக் கதவுக்குப் பின்னால் சாத்தியிருக்கிறது. அதே கோடையில் அவர் தன் ஜக் ஸ்ராண்டுகளுக்கு அடியில் போட அரை அங்குல ஒட்டுப்பலகை இரண்டு வெட்டித்தரக் கேட்டார். முக்கால் அங்குலத்தில் வெட்டிக் கொடுத்தேன். வானுக்கு மட்டும் என்று சத்தியம் செய்தார்.

பக்கத் தட்டு வெடிப்பு இன்னும் இருக்கிறது. எங்கள் செலவில் புதுத் தட்டுப் போட்டுத் தருவதாகச் சொன்னோம். ஒவ்வொரு ஒக்ரோபரும் கேட்கிறேன். “இருக்கட்டும் அண்ணை. அதைப் பாத்தாத்தான் நீங்கள் குனிஞ்சு பாப்பியள்” என்கிறார்.